கீழ் எஃப் ஷார்ப் பேசவில்லை

ஜூன் 10, செவ்வாய்

காலையில் ஓர் அடக்க ஆராதனை. இறந்தவர் எங்கள் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர். ஒரு நாள்கூடச் சுருதியோடு சேர்ந்து பாடியதில்லை. இன்று அவர் இல்லாமல் குழு பாடியது. எல்லாரும் சரியான சுருதியில் நின்றார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருந்தது.

முடிந்ததும் போதகர் ஆர்கன் மாடிக்கு ஏறி வந்து செய்தி சொன்னார். சபைக் குழு ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டது. ஆர்கனை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யப் போகிறார்கள். பழுது பார்ப்பவர் அடுத்த மாதக் கடைசியில் வருகிறார். ஆர்கனுக்குள் இருப்பதெல்லாம் காற்றுக் குழாய்கள்தான், அதனால் நாங்கள் அவரைக் குழாய்க்காரர் என்போம். போன வருடம் சும்மா பார்வையிட வந்தபோது, போதகர் வீட்டம்மா அவரை நேரே சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைக் காட்டினார். நல்ல மனிதர், அதையும் முடுக்கிவிட்டுத்தான் மேலே வந்தார்.

அவருக்குக் கொடுக்கக் குறைகளைப் பட்டியல் எடுத்தேன். ஆர்கன் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். எந்தக் குழாய் என்ன வம்பு செய்கிறது என்று வாசிப்பவர் தேதி போட்டு அதில் எழுதிவைக்க வேண்டும். மொத்தம் பதினேழு குறை. மேல் விசைப்பலகையில் மூன்று சுரம் விரலை எடுத்த பிறகும் இழுக்கிறது. ஒரு ஸ்டாப்பை, அதாவது ஒலியின் வகையை மாற்றும் குமிழை, இழுத்தால் பாதிதான் வருகிறது. காலால் மிதித்து வாசிக்கும் கால்கட்டையில் கீழ் எஃப் ஷார்ப் சுரம், நான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே பேசுவதில்லை. (எங்கள் தொழிலில் குழாய் ஒலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பேசுகிறது, பேசவில்லை, அவ்வளவுதான்.) அதை எழுதிக் கொடுத்த அன்று சபைச் செயலர் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "ஒரு சுரம்தானேம்மா, பெரிய ரிப்பேர் வரும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்." பெரிய ரிப்பேர் வரப் பத்தொன்பது வருடம் ஆனது.

மத்தியானம் என் சொந்த இசை எழுதும் நேரம். இரண்டு வரி எழுதி ஒன்றரை வரியை அழித்தேன்.

ஜூன் 14, சனி

கல்யாணம். மணப்பெண் நாற்பது நிமிடம் தாமதம். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து, மனதில் வந்ததை வாசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இடப்பக்கம் நின்று, நான் தலையாட்டும்போது ஸ்டாப் இழுத்தார், பக்கம் புரட்டினார். அவருக்கு ஒரு சுரம் படிக்கத் தெரியாது. ஆனால் என் தலை எவ்வளவு ஆடினால் எதை இழுக்க வேண்டும் என்று தெரியும்.

படி இறங்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா, "நடுவுல வாசிச்சீங்களே, அது யார் எழுதினது? ரொம்ப நல்லா இருந்தது" என்றார். நான்தான் என்றேன். "அப்படியா" என்று ஒரு அடி பின்னால் போனார்.

ஜூன் 19, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆய்வாளர்ப் பெண் வந்தாள். இக்கால இசையமைப்பாளர்கள் ஆறு பேரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாள். ஆறில் நானும் ஒருத்தி. எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை மனம் மாறிவிடுவாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த வேலைக்கு வந்த பிறகு ஆர்கனுக்கு நான் எழுதியவை இருபத்துமூன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வாசிக்கப்பட்டது. அரங்கேற்றமும் அதுதான், அடக்கமும் அதுதான். அந்த இருபத்துமூன்றையும் இவள் எங்கிருந்தோ தேடி எடுத்து, சுரம் சுரமாக எண்ணி, அட்டவணை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. நானும்தான்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? கால்கட்டைல கீழ் எஃப் ஷார்ப் இந்த இருபத்துமூணுலயும் ஒரு தடவைகூட இல்ல. அதுக்கு முன்னாடி நீங்க எழுதின எல்லாத்துலயும் இருக்கு. திடீர்னு ஒரு வருஷத்தோட நின்னுபோச்சு. அந்த வருஷம் என்ன நடந்தது?"

யோசித்தேன். "அந்த வருஷம் எங்கம்மா போயிட்டாங்க" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டாள். இதற்கு ஏன் இவள் அழுகிறாள், நல்ல மனசு போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு டம்ளர் கழுவும்போதுதான் உறைத்தது. அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. நான் இந்தக் கோயிலில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கோயிலுக்குப் போய்க் கீழ் எஃப் ஷார்ப்பை மிதித்துப் பார்த்தேன். மரக்கட்டை 'டொக்' என்றது. வேறொன்றும் இல்லை.

நான் எழுதுவதெல்லாம் இந்த ஆர்கனில் வாசித்துப் பார்த்துத்தான். எழுது, மிதி, கேள், அழி. மிதித்தும் கேட்காத ஒன்றை யார் எழுதுவார்கள்? பாமாலைகளில் அது வந்தால் மேலே உள்ள எஃப் ஷார்ப்பை வாசித்துச் சமாளிப்பேன். என் எழுத்தில் வந்தால்— வரவே இல்லை போலிருக்கிறது. தவிர்க்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் கால் அங்க போகாதே. தாண்டித் தாண்டிப் போகும். எனக்குத் தெரியுமே" என்றார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"டாக்டர் எதாச்சும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது பாமாலைக்கு நாலு சரணம். ஐந்து வாசித்தேன். சபை புத்தகத்தை மூடிவிட்டு அண்ணாந்து மாடியைப் பார்த்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஆய்வாளருக்கு மூன்று தடவை கடிதம் எழுதினேன். மூன்றும் குப்பைக் கூடையில். "அன்புள்ள அம்மணி, அது துக்கம் இல்லை, குழாய் ரிப்பேர்" என்று எப்படி எழுதுவது? என் ஐம்பத்துநாலு வயதில், முதல் தடவையாக ஒருத்தி என்னைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதுகிறாள். அதிலும் என்னைப் பற்றி அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் இதுதான். இதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சுருதி சேராத இருபத்துமூன்று காகிதக் கட்டு.

புத்தகம் வர எப்படியும் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு வருடமா? இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிறு மலரில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். பத்து வருடத்துக்கு முந்தைய என் புகைப்படத்தோடு. 'அம்மா போன நாளிலிருந்து தீண்டாத சுரம்.'

ஆராதனைக்கு முன்பே பாடகர் குழுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. போதகர் பிரசங்கத்தில் இரண்டு நிமிடம் இதைப் பற்றியே பேசினார். மாடியில் என் முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடியில் சபை முழுக்கத் தலை திருப்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. திருடியின் முகம்போல இருந்தது என் முகம்.

சந்தோஷமாகவும் இருந்தது. இங்கேயாவது பொய் எழுதாமல் இருப்போம்.

ஜூலை 14, திங்கள்

அக்கா போன் செய்தாள்.

இதை எழுத உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகிறது. அக்கா தானாக என்னை அழைத்துப் பத்தொன்பது வருடம். நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம், "சாப்பிட்டியா", "ம்", அவ்வளவுதான். காரணத்தை ஒரு நாளும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் நடந்தது. ஒரு சனிக்கிழமைக் கல்யாணம். ஒன்றரை மணிக்குக் கோயில் ஆபீஸ் எழுத்தர் மாடிக்கு ஓடி வந்தார். அக்கா போன் செய்திருக்கிறாள், அம்மாவுக்கு மோசம், உடனே கிளம்பணும். பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி வெளியேறும்போது வாசிப்பது ஒன்றுதான் பாக்கி, ஐந்து நிமிடம், முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய மாமாவைக் காணவில்லை. தேடிப் பிடித்துக் கூட்டி வர இருபது நிமிடம். இரண்டு மணி ரயில் போய்விட்டது. அடுத்தது ஐந்துக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. அம்மா ஆறு மணிக்கே போய்விட்டாள். பக்கத்தில் அக்கா மட்டும்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "கடைசி மூச்சு வரைக்கும் சின்னவ எங்க, சின்னவ வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே போனா. சின்னவ கல்யாணத்துக்கு வாசிச்சிட்டு இருந்தா."

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லையே, நான் என்ன பேசுவது?

இன்று போனில் அழுதாள். "பேப்பர் பார்த்தேன்டி. இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சுப் பூட்டியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன்னைக் கல்லுன்னு நெனச்சுட்டேனேடி."

கல்லுதான் அக்கா, அப்படியே நெனச்சுக்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று உலகத்துக்கே தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

அக்கா வந்து நாலு நாள் தங்கிவிட்டு இன்று போனாள். சமையலறை அலமாரியில் எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டாள். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. என் துண்டுகள் கந்தல் என்றாள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உட்கார வைத்தாள். சுரக் காகிதங்களை எல்லாம் ஒழுங்காக அடுக்குகிறேன் பேர்வழி என்று பக்க வரிசையைக் குலைத்துவிட்டாள். கத்தினேன். "போடி கழுதை" என்றாள்.

பத்தொன்பது வருடமாக என்னை யாரும் கழுதை என்று கூப்பிடவில்லை. குளியலறைக்குப் போய் அழுதேன்.

எப்படிச் சொல்வேன்? எதை வைத்துச் சொல்வேன்?

ஜூலை 28, திங்கள்

குழாய்க்காரர் வந்துவிட்டார். கோயில் நடுவில் குழாய்களைப் படுக்க வைத்திருக்கிறார். சின்னது பென்சில் அளவு, பெரியது இரண்டு ஆள் உயரம். பெஞ்சுகளை எல்லாம் ஓரத்தில் தள்ளியாகிவிட்டது. அடுத்த இரண்டு மாதம் பியானோவோடுதான் ஆராதனை.

கீழ் எஃப் ஷார்ப் எங்கே என்று கேட்டேன். அவருக்கும் பேப்பர் விஷயம் தெரிந்திருக்கிறது, மரியாதையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். மரக் குழாய். ஒரு குறையும் இல்லை. அடியில் காற்றைத் திறந்துவிடுகிற சின்னத் துருத்தியில்தான் கோளாறு.

"தோல் கிழிஞ்சிருக்கு மேடம். ஒரு விரல் அகலம். பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷமா?"

"பசை காயறதுக்கு ஒரு நாள் ஆகும்" என்றார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

பிறகு ஆணியிலிருந்து குறை நோட்டை எடுத்து முதல் பக்கங்களைப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து: 'கீழ் எஃப் ஷார்ப் பேசவில்லை.' தேதி, அம்மா இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. அவர் நோட்டை மூடி மறுபடி ஆணியில் மாட்டினார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆர்கன் பிரதிஷ்டை செப்டம்பர் 28 என்று முடிவாகியிருக்கிறது. அன்றைக்குப் புதிதாக ஒன்று எழுதி வாசிக்க வேண்டுமாம். போதகர் அழைப்பிதழ் மாதிரியோடு வந்தார். "'பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அன்னையின் சுரம் மீண்டும் ஒலிக்கிறது'ன்னு போட்டுடலாமாம்மா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொய் தானாகவே வளர்கிறது. அச்சுக்கும் போகப் போகிறது.

அக்கா போன். தன்னையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் பதினாலு பேரைத் திரட்டியிருக்கிறாளாம், வேன் பேசிவிட்டாளாம். பதினாலு பேரில் ஒருவருக்கும் ஆர்கன் என்றால் என்னவென்று தெரியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டுப் பியானோவில் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சுரத்தை எழுதினால் நாடகம். எழுதாமல் விட்டாலும் நாடகம். ஒன்பது நாளாக ஒரு வரி இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. "ஆய்வாளர் அம்மாகிட்ட எப்ப வேணா சொல்லிக்கலாம். அக்காகிட்டதான் கஷ்டம். சொன்னா போயிடுவா" என்றார்.

"சொல்லலைன்னா?"

"இருப்பா. ஆனா நீ அவகூட இருக்க மாட்ட." இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் உப்பைத் தேடினார்.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து இரண்டு சட்டை மடித்தேன். மூன்றாவதில் சொன்னேன். குழாய் ரிப்பேர் அக்கா, அம்மாவுக்காக இல்லை, அந்தப் பொண்ணு தப்பா நெனச்சுட்டா, நான் திருத்தலை.

அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்போ அம்மாவுக்காக நீ ஒண்ணுமே எழுதலையா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்லக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. துணி எல்லாவற்றையும் மடித்து முடித்து அலமாரியில் வைத்தாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்பு" என்றாள். ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தாள். ரயில் வருவதற்குள் திரும்பிப் போய்விட்டாள்.

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? யாரு கேட்டா என்னை? நாலு நாள் கழுதைன்னு கூப்பிட்டாளே, அது போதாதா எனக்கு? உண்மையாம் உண்மை. பெரிய அரிச்சந்திரி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆய்வாளருக்கு எழுதிப் போட்டேன். ஒன்பது வரி. குறை நோட்டின் முதல் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து இணைத்தேன். போதகரிடமும் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். அப்புறம் அழைப்பிதழ் போன வாரமே அச்சாகிவிட்டது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆய்வாளரின் பதில். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை குஷி. ஒரு பழுதான கருவி ஓர் இசையமைப்பாளரின் உடம்பை எப்படி வடிவமைக்கிறது என்று அத்தியாயத்தை மாற்றி எழுதப் போகிறாளாம். இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பாம். நாளிதழுக்கும் திருத்தம் அனுப்பிவிட்டாளாம். அவளுக்கு நான் அழுதாலும் அத்தியாயம், தும்மினாலும் அத்தியாயம்.

ஆக, எதை இழப்பேன் என்று ஜூலை முழுக்கத் தூக்கம் கெட்டேனோ அது பத்திரமாக இருக்கிறது.

அக்கா போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

எடுக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பிரதிஷ்டைக்கானதை முடித்துவிட்டேன். ஆறு நிமிடம். அக்காவிடம் சொன்ன மறுவாரமே எழுத வந்துவிட்டது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. இரண்டாவது வரியிலேயே கீழ் எஃப் ஷார்ப்பைப் போட்டேன். பேனா தடுமாறவில்லை. குழாய்க்காரர் எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சுருதி சேர்க்கிறார். கீழே போதகர் வீட்டம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடுகிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பிரதிஷ்டை. கோயில் நிறைந்திருந்தது. ஒத்திகையில் மூன்று தடவை கால் அந்தக் கட்டையைத் தாண்டிவிட்டது. ஆராதனையில் தாண்டவில்லை, பெஞ்சே அதிர்ந்தது. போதகர் ஒரு விரல் அகலத் தோலை வைத்து இருபது நிமிடம் பிரசங்கம் செய்தார். ஜூலையில் துக்கத்தை வைத்துச் செய்ததைவிட இது நன்றாக இருந்தது.

வேனில் பதிமூன்று பேர் வந்தார்கள். அக்கா வரவில்லை. முட்டிவலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கண்ணாடியில் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே வாசித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மத்தியானம் மூன்று மணி. தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் சத்தம். அக்கா. முட்டிவலி உண்மைதான் போல, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அந்தச் சத்தத்தைக் காட்டு" என்றாள்.

காலை நீட்டினேன். தாண்டிப் போய்ப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. "இது இல்லக்கா, இது ஜி" என்று மறுபடி நீட்டினேன். மறுபடி ஜி. குனிந்து பார்த்து, பாதத்தை அங்கே கொண்டுபோய் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. அக்கா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே காலு போகல" என்றாள். "என்னை நோகடிக்கணும்னு அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டியோன்னு நெனச்சேன்."

சுரம் பேசிக்கொண்டிருந்தது. தரை வழியாக அவள் செருப்பு வரைக்கும் வந்திருக்கும். கொஞ்ச நேரம் கேட்டாள். "இவ்வளவுதானா? லாரி நிக்கிற மாதிரி இருக்கு."

காலை எடுத்தேன். அப்புறம்தான் அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா உன்னைக் கேக்கலடி. அன்னைக்குக் காலையிலிருந்தே கண்ணைத் திறக்கல. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒண்ணும் பேசல. நீ ரெண்டு மணி ரயிலுக்கு வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. நான்தான் கோவத்துல சொன்னேன். ஒத்தையா உக்காந்திருந்தேன்ல. சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுத்துக்கத் தெரியல."

நான் என்ன சொன்னேன்? "அஞ்சு மணி ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

பத்தொன்பது வருஷம். தினமும் படுக்கும்போது 'சின்னவ வந்துட்டாளா'ன்னு ஒரு குரல் கேட்டுட்டே இருந்ததே எனக்கு. அம்மா சொல்லவேயில்லையாம்! நான் பாட்டுக்கு ஒவ்வொரு கல்யாணத்துலயும் பதிவேட்டுல கையெழுத்துப் போடும்போதெல்லாம் கடிகாரத்தைப் பாத்துப் பாத்து வாசிச்சிட்டிருந்தேன். இவ அங்க துணி மடிச்சிட்டிருந்தாளா?

நான் சொல்லாமல் இருந்தது ஆறு வாரம். அவள் சொல்லாமல் இருந்தது பத்தொன்பது வருடம். பேச மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

பேசவில்லை. அவள் இரண்டு தடவை அழைத்தாள்.

அவர், "அவ முட்டிவலியோட மாடி ஏறி வந்து சொன்னா. யாரும் கேக்கல. அவளா வந்து சொன்னா" என்றார். தெரியும், நானும் ரயிலேறிப் போய்த்தானே சொன்னேன் என்றேன். "அதைத்தான் சொல்றேன்" என்றார்.

நேற்றிரவு படுத்தபோது அந்தக் குரல் கேட்கவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

அவருக்கு முதுகுப் பிடிப்பு. இரண்டு வாரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்று ஸ்டாப் இழுக்க ஆளில்லாமல் ஒற்றைக் கையால் திண்டாடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றியா? ஸ்டாப் இழுக்க ஆள் வேணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதேடி."

"நான் தலையாட்டுவேன். எழுதியிருக்கிறதைப் படிச்சு இழுக்கணும், அவ்வளவுதான்."

"எத்தனை மணிக்கு?"

அக்டோபர் 15, புதன்

அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு வரி வந்திருக்கிறது. அதில் கீழ் எஃப் ஷார்ப் இல்லை. தேவைப்படவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

அக்கா சனிக்கிழமையே வந்துவிட்டாள். இன்று காலை எனக்கு இடப்பக்கம் நின்றாள். முதல் பாமாலைக்குச் சரியாகவே இழுத்தாள். பாவ அறிக்கையின் போது, சபை தலை குனிந்து மௌனமாக இருக்கும், நான் மெதுவாக அடியில் வாசித்துக்கொண்டிருப்பேன். புல்லாங்குழல் ஸ்டாப்புக்குத் தலையாட்டினேன். அக்கா எக்காளத்தை இழுத்துவிட்டாள்.

புதிதாகச் சரிசெய்த எக்காளம். சும்மா சொல்லக் கூடாது, குழாய்க்காரர் வேலை சுத்தம். முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"புல்லாங்குழல்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல!"

"மூக்குக்கண்ணாடி எடுத்துட்டு வரலடி!"

"அப்புறம் எதுக்கு நின்ன?"

"நீதானே கூப்பிட்ட, கழுதை!"

மாடியிலிருந்து எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. போதகர் கீழே பெரிதாக இருமினார். காணிக்கைப் பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே இருந்தோம்.

அடுத்த ஞாயிறு கண்ணாடியோடு வருகிறாளாம்.